கரைமேல் போகும் வழி

சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவனுக்கு முதலில் தெரிய வருகிற உண்மை, பூமி மட்டமானதல்ல என்பதுதான். நடந்து போகிறவனுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. காரில் போகிறவனுக்கோ தெரியவே தெரியாது. அவனுக்குப் பதிலாகப் பெட்ரோல் மூச்சு வாங்குகிறது. சைக்கிள்காரனுக்கு மட்டும் ஒவ்வொரு மேட்டுக்கும் முழங்காலில் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. எங்கள் செட்டியார்பட்டிப் பக்கத்தில் இந்தக் கணக்கு மிகவும் கண்டிப்பானது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மறு பக்கம் வானம் பார்த்த கரிசல். மலையை நோக்கி மிதித்தால் தரை சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே போகும். ஆனி, ஆடி மாதங்களில் மலையிடுக்குகளின் வழியாக இறங்கி வரும் மேல்காற்று வேறு, நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அப்பொழுதெல்லாம், கிழக்கே போகிறவர்கள் பாக்கியசாலிகள், மேற்கே போகிறவர்கள் பக்திமான்கள் என்று நான் சொல்வதுண்டு. மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு அந்தக் காற்றில் சைக்கிள் மிதித்துப் போகிறவனுக்குப் புண்ணியம் இரட்டிப்பாகக் கிடைக்காமல் போகாது அல்லவா?

இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரம் உண்டு. அதைக் கண்டுபிடித்தது எந்த சைக்கிள் கம்பெனியும் அல்ல, தண்ணீர்தான். தண்ணீருக்கு மேடு ஏறத் தெரியாது. செங்குத்தாக இறங்கினாலோ கரையை அரித்துவிடும். ஆகவே தண்ணீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக நினைத்தவர்கள், எந்தத் தேசத்தவரானாலும், பூமியில் ஏறக்குறைய மட்டமான ஒரு கோட்டைத் தேடிப் பிடித்தே வாய்க்கால் வெட்டினார்கள், கரை போட்டார்கள். அந்தக் கரையின் மேல் ஒரு பாதை தானாகவே உண்டாயிற்று. தண்ணீர் சிரமப்படாமல் போகும் வழியில் சைக்கிளும் சிரமப்படாமல் போகும். இந்தச் சின்ன விஷயத்துக்குள் எவ்வளவு பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சைக்கிளில் ஊர் சுற்றுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அங்கே சைக்கிள் யாத்திரைக்காரர்களின் சங்கம் 1878-லேயே ஏற்பட்டுவிட்டது. அப்பொழுது சைக்கிளுக்குக் காற்றடிக்கிற டயர் கூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் டன்லப் என்ற மிருக வைத்தியர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தொழில் நடத்தியவர். மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்லுத் தரையில் தடதடப்பதைப் பார்த்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றி ரப்பர்க் குழாயைக் கட்டிக் காற்றை அடைத்தார். 1888-ல் அதற்கு உரிமை பெற்றார். பிறகு விசாரித்துப் பார்த்ததில், தாம்ஸன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840-களிலேயே இதே யோசனைக்கு உரிமை வாங்கியிருந்தது தெரிந்தது! ஆனால் அந்தக் காலத்தில் அதை மாட்டுவதற்கு சைக்கிள் இல்லை. சில யோசனைகள் உலகத்துக்கு முந்தி வந்துவிடுகின்றன.

ஸ்காட்லாந்தை நான் படத்திலும் புத்தகத்திலும்தான் பார்த்திருக்கிறேன். மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கை அங்கே 'கிளென்' என்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் ஏரியை 'லாக்' என்கிறார்கள். கிளாஸ்கோ நகரத்திலிருந்து வடக்கே இன்வர்னஸ் வரையில் 200 மைலுக்கு மேல் ஒரு சைக்கிள் வழி இருக்கிறது. 'லாக்குகளும் கிளென்களும்' என்றே அதற்குப் பெயர். லோமண்ட் ஏரிப் பக்கமாகப் புறப்பட்டு, டே ஏரிக் கரையைத் தொட்டு, சுமார் 1,500 அடி உயரத்திலுள்ள ட்ரமாக்டர் கணவாயைக் கடந்து போகிறது. வழியில் கிளென் ஓகிள் என்ற பள்ளத்தாக்கு. அங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1965-ல் பாறை சரிந்ததோடு அந்த ரயில் நின்றது. தண்டவாளம் போன பிறகு எஞ்சிய தடத்தில் இப்பொழுது சைக்கிள் ஓடுகிறது.

படத்தில் இதையெல்லாம் பார்க்கிறபோது, உல்லாசப் பிரயாணிகளுக்காகவே கடவுள் இந்தப் பாதைகளை அமைத்துக் கொடுத்தாரோ என்று தோன்றும். அமைத்தவர் கடவுள் அல்ல; அமைத்த காரணமும் உல்லாசம் அல்ல.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் முதன்முதலாக ஒழுங்கான சாலை போட்டவர் ஜெனரல் வேட் என்ற பிரிட்டிஷ் தளபதி. 1715-ல் மலைநாட்டார் லண்டன் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அப்படி இன்னொரு முறை நடந்தால் பட்டாளத்தை உடனே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பதற்காக, 1725 முதல் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் சிப்பாய்களைக் கொண்டே சுமார் 250 மைல் சாலை போட்டார். 1731-ல் கொரியாராக் கணவாயின் மேல், ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில், வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலை முடிந்தது. விதியின் விளையாட்டைக் கேளுங்கள். 1745-ல் மறுபடியும் கலகம் வந்தது. அந்தக் கணவாய்ச் சாலையை முந்திக்கொண்டு உபயோகித்தவர்கள் கலகக்காரர்கள்தான்! அரசாங்கப் பட்டாளம் அதில் ஏறத் துணியாமல் வேறு பக்கம் ஒதுங்கிப் போயிற்று. சாலைக்குத் தன் எஜமான் யார் என்று தெரியாது. காலெடுத்து வைக்கிறவனெல்லாம் அதற்கு எஜமான்.

வாய்க்காலின் கதை இன்னும் உருக்கமானது. மலைநாட்டு ஜமீன்தார்கள், ஆள் வைத்துச் சாகுபடி செய்வதைவிட ஆடு மேய்ப்பதில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டார்கள். குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஜனங்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகத் தொடங்கினார்கள். இப்படியே போனால் மலைநாடு காலியாகிவிடும் என்று பயந்த அரசாங்கம், அவர்களுக்கு வேலை கொடுப்பதையும் ஒரு நோக்கமாக வைத்து 1803-ல் ஒரு பெரிய வாய்க்காலைத் தொடங்கியது. அதுதான் கலிடோனியன் கால்வாய். டெல்ஃபர்டு என்ற எஞ்சினீயர் பொறுப்பேற்றார். மொத்தம் 60 மைல் நீளம். அதில் மனிதர்கள் வெட்டியது 22 மைல்தான்; மற்றதெல்லாம் வரிசையாகக் கிடந்த லாக்குகள். படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கதவு வைத்த நீர்த் தொட்டிகள் 29. வேலை முடிய 1822 ஆயிற்று. அப்புறம் பார்த்தால், செலவைக் குறைக்க ஆழத்தைக் குறைத்துவிட்டதால் பெரிய கப்பல்களுக்கு அது போதவில்லை. கப்பலுக்கென்று வெட்டிய வாய்க்கால் கப்பலுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. இருநூறு வருஷம் கழித்து அதன் கரையில் மனிதர்கள் சைக்கிளில் உலாவுகிறார்கள். மண்ணைச் சுமந்தவர்கள் அந்தப் பாதையின் சுகத்தை அறிந்ததில்லை.

தெற்கே, கிளாஸ்கோவுக்கு அருகில் ஃபோர்த்-கிளைடு கால்வாய் என்று இன்னொன்று. 1790-ல் முடிந்தது, 35 மைல். குதிரைகள் கரைமேல் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுக்கும். ஆகையால் வாய்க்காலின் நெடுகக் குதிரைப் பாதை ஒன்று உண்டு. ரயில் வந்தது, லாரி வந்தது, 1963-ல் வாய்க்காலை மூடிவிட்டார்கள். குறுக்கே சாலை போட்டு அடைத்தார்கள், குப்பை சேர்ந்தது. ஆனாலும் அந்தக் குதிரைப் பாதையில் ஜனங்கள் நடப்பதை விடவில்லை. நடந்தவர்கள் பேசினார்கள், பேசியவர்கள் சங்கம் சேர்ந்தார்கள், சங்கம் சேர்ந்தவர்கள் மனுப் போட்டார்கள். கடைசியில் ஏறத்தாழ 8 கோடி பவுன் செலவில் அந்தக் கால்வாயையும் அதன் தோழனான யூனியன் கால்வாயையும் மீட்டார்கள். 2001-ல் மறுபடி படகு ஓடிற்று. இரண்டு கால்வாய்களும் சேருமிடத்தில், படகைத் தண்ணீரோடு தூக்கிச் சுழற்றி மேலே வைக்கும் ராட்சதச் சக்கரம் ஒன்று 2002-ல் அமைந்தது. செத்துப் போனதாகத் தீர்ப்பு எழுதப்பட்ட வாய்க்கால் பிழைத்துக்கொண்டதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அதில் ஒரு காரணம், கரைமேல் காலடி ஓயாமல் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நமக்கு ஏது லாக்கும் கிளென்னும்?" என்று பெருமூச்சு விட வேண்டியதில்லை. எங்கள் மலைக்கு அந்தப் புறத்திலே பெரியாறு ஏரி இருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டி எடுத்த பிறகு, பென்னிகுயிக் என்ற எஞ்சினீயர் 1887 முதல் 1895 வரையில் காட்டில் மலைக்காய்ச்சலோடு போராடிக் கட்டிய அணையின் தண்ணீர் அது. மேற்கே ஓடிய ஆற்றை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கு என்கிற நம் கிளென் அதனால் பச்சையாயிற்று. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அது மலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் மலையைக் கடந்து நேராகப் போகச் சாலை கிடையாது. சைக்கிளில் போக விரும்புகிறவன் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் தேனிக்கும் கம்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதே பஞ்சத்தின் கையெழுத்து சென்னைப் பட்டணத்திலும் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் என்றால் இன்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே காக்ரேன் என்ற வியாபாரி தொடங்கி வைத்த சிறு வாய்க்கால் அது. படிப்படியாக நீண்டு, வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரையில் சுமார் 260 மைல் ஆயிற்று. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக 1876-க்கும் 1878-க்கும் இடையில் வெட்டப்பட்டது. அப்பொழுது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1877-ன் தொடக்கத்தில் நிவாரண வேலைகளுக்கு சர்க்கார் விதித்த கூலி என்ன தெரியுமா? வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். எலும்பும் தோலுமாக வந்தவன் மண் வெட்டிச் சுமந்து கரையேற்ற, கூலி இது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சிறிது உயர்த்தினார்கள். வாய்க்காலில் கவர்னரின் பெயர் இருக்கிறது. வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது உண்டா?

அந்தக் கால்வாய்க்கும் கரைப் பாதை உண்டு. ஸ்காட்லாந்தில் குதிரை செய்த வேலையை இங்கே மனிதன் செய்தான். பாரதிதாசன் தம் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போய்வந்ததைப் பாடியிருக்கிறார். நிலவையும் நீரையும் பாடியவர், தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு கரையில் படகை இழுத்துப் போன கூலியாளையும் மறக்காமல் பாடினார். 1965, 1966-ம் வருஷங்களின் புயலுக்குப் பிறகு அந்தப் படகுப் போக்குவரத்துத் தேய்ந்து மறைந்தது. படகு நின்றதும் கரையில் ஆள் நடமாட்டம் நின்றது. ஆள் நடமாட்டம் நின்றதும் வேலி முளைத்தது; குடிசை முளைத்தது; மாடி முளைத்தது; சாக்கடைகள் எல்லாம் அதில் வந்து விழுந்தன. பிறகு, பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் மார்பிலேயே ஊன்றப்பட்டன. 2008-ல் இதை உள்ளடக்கிய நீர்வழியைத் தேசிய நீர்வழி என்று சர்க்கார் அறிவித்ததும் உண்டு. பெயர் கொடுப்பதில் நாம் என்றைக்கும் தாராளமானவர்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் நடுவே இருப்பது ஒரு நெடுஞ்சாலை என்றுதான் பஸ்ஸில் போகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இருப்பது கண்மாய்களின் தேசம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வைப்பாற்றைத் தேடிப் போகும் வழியில், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்மாய்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே உள்ளது நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழே உள்ளதற்குத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பிறை வடிவத்தில் ஒரு மண் கரை. கரைமேல் பனை, புளி, இலுப்பை. ஒரு மூலையில் அய்யனார். பாண்டிய நாட்டுக் கண்மாய்களின் குமிழித் தூம்புக் கற்களில், அதைச் செய்வித்தவரின் பெயரைப் பொறித்த பழைய கல்வெட்டுகள் பல கிடைத்திருக்கின்றன. பக்கிங்ஹாம் கால்வாயை விட அந்த வகையில் நம் முன்னோர்கள் நியாயமாக நடந்துகொண்டார்கள்.

இந்தக் கரைகளும் வழிகள்தான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில், 'பார்' கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான். சாலையில் லாரி பயம். கரையில் விழுந்தால் ஒரு பக்கம் வயல், மறு பக்கம் தண்ணீர். பெரியவர்களுக்கோ அது விளையாட்டு அல்ல. பால்காரர் கேனைக் கட்டிக்கொண்டு போனதும், நெசவுக்காரர் பாவு நூலைக் கட்டிக்கொண்டு போனதும், ராஜபாளையத்துப் பஞ்சாலைகளில் ஷிப்ட் முடிந்தவர்கள் குறுக்கு வழியாக வீடு திரும்பியதும் கரைமேல்தான். 1949-ல் அம்பத்தூரில் ஏற்பட்ட தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வரத் தொடங்கிய பிறகு, சைக்கிள் என்பது தமிழ்நாட்டில் ஏழையின் வாகனம் ஆயிற்று. வெள்ளைக்காரன் ஊர் பார்க்க சைக்கிள் ஏறினான்; நம்மவன் ஊருக்கு உழைக்க சைக்கிள் ஏறினான். இருவருக்கும் வழி கொடுத்தது தண்ணீர்.

ஒருநாள் கண்மாய்க் கரையில் வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடக்கிறவர்.

"என்ன அண்ணாச்சி, காசு எதுவும் விழுந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"காசு இல்லை தம்பி, நண்டு வளை பாக்கேன்," என்றார் அவர். "நண்டு வளை, எலி வளை எல்லாம் முதல்லே விரல் நுழையிற மாதிரிதான் இருக்கும். கரைமேலே ஆள் போக வர இருந்தா, எவனாவது ஒருத்தன் கண்ணிலே படும், வந்து சொல்லுவான், அடைச்சுப்புடலாம். இப்போ யாரு போறா? கரை உடைஞ்ச அன்னைக்குத்தான் ஊர் பூராவும் ஓடி வருது."

இதைவிடத் தெளிவாக எந்த எஞ்சினீயரும் விளக்க முடியாது. ஊர் கூடிக் கண்மாயைப் பேணும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். கரை உடையும் அபாயம் வந்தால் ஊர்க்காரர்கள் வந்து உழைத்தே தீர வேண்டும் என்று 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டமே போட்டது. பிரியமாகச் செய்து வந்ததைச் சட்டத்தால் செய்யச் சொன்னபோதே பிரியம் குறைந்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? 2017-ல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்து, பல கண்மாய்களில் தூர் எடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பணத்தால் தூர் எடுக்கலாம். நண்டு வளையைத் தினம் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கப் பணத்தால் ஏற்பாடு செய்ய முடியாது. அதற்குக் கரைமேல் காலடி வேண்டும். காலடி குறைந்த கரையில் சீமைக் கருவேலம் ஏறுகிறது. அடுத்த வருஷம் அந்த முள்ளுக்குள் யாரும் போவதில்லை. அதற்கடுத்த வருஷம் அந்த முள்ளே ஒருவருக்கு வேலியாகிவிடுகிறது.

ஆகையால் எல்லாக் கரைக்கும் தார் போட்டு, விளக்கு வைத்து, டிக்கட் கிழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தார் போட்டால் மறுநாளே அதில் லாரி ஏறும். மண் கரை அந்தப் பாரத்தைத் தாங்காது. மலைக்காட்டுக்குள் புகுந்து வழி போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. செண்பகத்தோப்புப் பக்கத்துக் காடு 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. புலிக்கும் யானைக்கும் விட்ட இடத்தில் மணியடித்துக்கொண்டு போவது நமக்கும் மரியாதையல்ல, அவற்றுக்கும் மரியாதையல்ல. காட்டின் எல்லையோடு நம் பாதை நின்றுவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ல் ஒரு சட்டம் செய்து, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலும் நீர்க்கரையிலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை கொடுத்தார்கள். 'பொறுப்போடு' என்ற அந்த ஒரு சொல்தான் சட்டம் முழுவதும். நமக்குப் புதிய சட்டம் கூடத் தேவையில்லை. கண்மாய்க் கரை என்றைக்கும் ஊருடையது. அதை அளந்து, முள்ளை வெட்டி, ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு வைத்திருந்தால் போதும்.

இதில் நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பார்த்தால், எனக்கும் உங்களுக்கும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில், கனமான புத்தகப் பையோடு, கொல்லம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற பெண் குழந்தைகளுக்குத்தான். அவர்களுக்கு சைக்கிள் கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய பாட்டன்மார் போட்டு வைத்த வழியைக் கொடுக்கவில்லை.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தால், உங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பாருங்கள். வாகனம் துருப்பிடித்திருந்தால் நடந்தே போங்கள். கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் போக முடிகிறதா என்று பாருங்கள். முள் மறித்தால் எங்கே மறிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பஞ்சாயத்தில் போய்ச் சொல்லுங்கள். நண்டு வளை தென்பட்டால் நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லுங்கள். மறுகால் பாய்கிற இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடினால் மட்டும் கடக்காதீர்கள். பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அந்த வருஷம் ஊருக்கு நல்ல வருஷம் என்று அர்த்தம்.